முன்வரிசைச் சாத்துக்குடி

— நாலு பெட்டியும் அழுகிப்போச்சு சுரேகா. மேல இருந்து அடி வரைக்கும். எனக்குச் சந்தோஷம் தாங்கல, பாத்துக்கோ.

— இன்னாடி தேவிப்பிரியா, உனுக்கு புத்தி பிசகிகிச்சா? எங்க கோடவுன்ல சாத்துக்குடி அழுவிகீது, நீ பல்லக் காட்டிகினு கீறே.

— இது வெறும் தண்ணியில முக்கின பழம்டி. இது அழுகினாதான் மருந்துல முக்கின பழத்தோட அருமை தெரியும்.

— நல்ல பழத்த ஊசில குத்தி, பச்சப் பூசனத்த தடவி, வேலமெனக்கெட்டு சீக்கு குடுக்குற ஆள இந்த பூந்தமல்லில இப்பதான் பாக்குறேன்.

— போன வாரம் எட்டுப் பெட்டிக்கும் ஒரே மாதிரிதான் குத்தினேன், ஒரே மாதிரிதான் தடவினேன். நாலுக்குத் தண்ணி, நாலுக்கு மருந்து. அவ்வளவுதான் வித்தியாசம், பாத்துக்கோ.

— மருந்துன்ற. எங்கண்ணன் அத கிருமித் தண்ணின்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியுது.

— சொல்லட்டும். பக்தவத்சலம் அண்ணன் இந்த மூலையைக் குடுத்ததே பெரிசு. அது கிருமி இல்லடி. மண்ணுல ஒரு நல்ல பாக்டீரியா இருக்கு. அது சுரக்கிற பொருளை மட்டும் பிரிச்சு எடுத்தது. பூசனத்தை அது நேரா கொல்லாது. எதிரி வரப்போறான்னு பழத்தோலை உசுப்பிவிடும். மிச்சத்தைப் பழமே பாத்துக்கும்.

— பறிச்ச பழம் எப்டிடி சண்ட போடும்?

— பறிச்சா உடனே செத்துடுமா? இப்பவும் மூச்சு விட்டுட்டுதான் இருக்கு. உசுரோட இருக்கறது தன்னைக் காப்பாத்திக்கத்தானே பாக்கும்?

— ஆவடி குவார்ட்டர்ஸ்லேருந்து ரெட்ட சடை போட்டுகினு ஸ்கூலுக்கு வருவியே, அப்பவே நீ இப்டிதான் பேசுவே. ஆனா ஒண்ணு தேவி. இது மட்டும் பலிச்சா எனக்கு சாமியே நேர்ல வந்தா மாதிரி. மழ வந்தா பாதி லோடு குப்பைக்குதான் போவுது. எங்க நைனா போனதுலேருந்து இதே கததான். வா, அந்த நாலு பெட்டியையும் பாத்துடலாம்.

— இதுக்குப் பக்கத்துலதான். இதோ... சுரேகா.

— இன்னா?

— இங்கதானே வெச்சோம்?

— இங்கதான். இரு, அந்த சாக்குக்குப் பின்னால பாக்குறேன். இங்கயும் காணோமே.

— பெட்டியில ஒட்டின சீட்டு மட்டும் ஈரத்துல உதிர்ந்து தரையில கெடக்கு.

— மொகத்த அப்டி வெச்சிக்காதடி.

— என் ஆராய்ச்சிக்கு கைடா இருக்கற மேடம் கடைசியா சொன்னதே இதுதான். லேப்புல ஜெயிச்சா போதாது, மழைக்காலத்துல நிஜமான ஒரு கோடவுன்ல நின்னு காட்டணும். இல்லன்னா இத்தோட நிறுத்திட்டு வேற வேலையைப் பாருன்னுட்டாங்க. தண்ணிப் பெட்டியை மட்டும் காட்டி நான் என்னத்தைச் சொல்ல?

— அண்ணா. யண்ணா. கொஞ்சம் பின்னால வா. இந்த மூலைலேருந்து இன்னாத்த தூக்கி வெளிய போட்டே?

— காலங்காத்தால இன்னாத்துக்கு கத்துறே? நா ஒண்ணியும் வெளிய போடல.

— பக்தவத்சலம் அண்ணே, என் பெட்டி நாலு காணோம். குப்பைன்னு நெனச்சு அனுப்பிட்டீங்களா? கோபப்படமாட்டேன், சொல்லுங்க. ஒவ்வொரு பழத்துலயும் காம்புகிட்ட சின்னதா நீல மை வெச்சிருக்கேன். குப்பைமேட்டுல எறங்கிகூட தேடிக்குவேன்.

— இன்னா டாக்டரம்மா நீ. உன் அழுவல் பெட்டி நாலும் கண்ணெதுர கீது பாரு. அத நா விரலால கூட தொடல.

— அது தண்ணிப் பெட்டி அண்ணே. பக்கத்துல இருந்தது?

— பக்கத்துல உன் பெட்டி ஏது?

— பொய் சொல்லாதண்ணா. நாந்தான் அவகூட நின்னு எட்டு பெட்டியும் அடுக்குனேன். வித்துட்டியா?

— அம்மன் மேல சத்தியமா ஒரு பழம் விக்கல. ஷட்டரே பாதிதான் தூக்கிகீது. இன்னான்றே நீ? மீச மொளைக்கறதுக்கு முன்னாலேருந்து மண்டில கீறேன். பழத்த கைல எடுத்தா அது என்னிக்கு பறிச்சதுன்னு சொல்லுவேன். பழையது எது, புதுசு எதுன்னு எனக்கா தெரியாது?

— தெரியும் அண்ணே. நான் கேக்கறது வேற. இந்த எடத்துலேருந்து எதையுமே எடுக்கலியா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

— எடுத்தேன். ஆனா அது உன்னுது இல்ல கண்ணு. இன்னிக்கு வந்த புது லோடுல நாலு பெட்டிய பசங்க தெரியாம உன் அழுவலுக்குப் பக்கத்துல எறக்கிட்டு போயிட்டானுங்க. தங்கமாட்டம் பழம், இந்த சீக்கு ஒட்டிக்கப் போவுதேன்னு நானே தூக்கிகினு போயி முன்வரிசைல வெச்சேன்.