பாதியில் நின்ற கதை

நான் நூலகராக இருந்த காலமெல்லாம், படிப்பவர்கள் தேடி வரட்டும் என்று உட்கார்ந்தே இருந்துவிட்டேன். நேற்று மன்னார்குடிப் பேருந்தில், பயிற்சி முடிந்து திரும்பிய இரண்டு பெண் நூலகர்கள் முன்னிருக்கையில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"என்னால வயல்ல நடவே நின்னு போச்சுக்கா," என்றாள் இளையவள்.

"அடிப்பாவி! என்னடி செஞ்ச?"

"போன பயிற்சியில, சனங்க இருக்குற எடத்துக்கே போங்கன்னாங்கல்ல? வரப்புல நின்னு கதை வாசிச்சேன். நடவுப் பொம்பளைங்க எல்லாம் நாத்தும் கையுமா நிமிந்து நின்னுட்டாங்க. நெலத்துக்காரரு பாதியிலேயே என்னை வெரட்டிட்டாரு."

"புகார் போனா உனக்கு மெமோதான்."

"அந்தப் பயத்தோடயே சாயங்காலம் லைப்ரரியப் பூட்டப் போனேன். வாசல்ல சேத்துக் காலோட அவ்வளவு பேரும் நிக்கிறாங்க, மீதிக் கதை கேக்க."

நான் முன்னால் சாய்ந்தேன். மூத்தவள் இளையவள் பக்கம் திரும்பினாள்.

"நெலத்துக்காரரு?"

"லைப்ரரிப் பொண்ணு வந்தாத்தான் நாத்துல கை வைப்போம்னு அவருகிட்ட சொல்லிட்டாங்களாம். மறுநாள் அவரே போன் பண்ணி, 'சீக்கிரம் வந்துருங்கம்மா'ங்குறாரு."