ஒன்றரைச் சுற்று

இல்ல டாக்டர், அது பெரிய மரம் இல்ல, வெறும் உயரம். உயரத்தைப் பார்த்து ஏமாந்துடக் கூடாது. நம்ம மரம் இன்னும் மேல இருக்கு. பார்த்து வாங்க, அந்த வேர் வழுக்கும். போன தடவை அது மேலதான் உக்காந்தேன். உக்காரணும்னு நினைச்சு உக்காரல.

உங்க அம்மா கார்லயே இருக்கட்டும். கால் வலின்னு சொன்னாங்கதான். டிரைவிங் ஸ்கூல் நடத்தினவங்க கால், அதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது. போன தடவை இதே ஏத்தத்துல எனக்கு முன்னாடி ஏறிட்டு, மேல நின்னுக்கிட்டு, ஃபர்ஸ்ட் கியர்லயே வாங்க, அவசரமில்லன்னு என்னைப் பார்த்துக் கையாட்டினாங்க. விஷயம் கால் இல்ல. எனக்கு ஒரு உத்தரவு போட்டிருக்காங்க. மரத்தை அளந்துட்டு காருக்குத் திரும்பறதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு சொல்லியாகணும். சொல்லாம வந்தா எனக்குக் கதவு திறக்காதாம், நடந்தே ஊர் வந்து சேரணுமாம்.

சொல்றேன், சொல்றேன். முதல்ல மரம். டேப் கையில இருந்தாத்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

உங்களுக்கு இது புதுசா இருக்கும், இல்ல? உங்க கிளினிக்ல நீங்க பேசுவீங்க, எதிர்ல இருக்கிறவர் வாயைத் திறந்து வச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்ல முடியாம உக்காந்திருப்பார். இன்னிக்கு அந்த நாற்காலியில நீங்க. வலிச்சா கையைத் தூக்குங்க.

எதுக்கு உங்களைக் கூட்டிட்டு வந்தேன்னா, எங்க மரம் அளக்கிற சங்கத்துல ஒரு விதி. சங்கம்னா பெருசா நினைச்சுக்காதீங்க, எல்லாரும் சேர்ந்தா ஒரு வேன்ல அடங்கிடுவோம், ஜன்னல் ஓரத்துக்கு மட்டும்தான் சண்டை. ஒரு மரத்தைப் பத்தி சந்தேகம் வந்துடுச்சுன்னா, மறுபடி அளக்கும்போது வெளி ஆள் ஒருத்தர் சாட்சியா நிக்கணும். ஏன் சந்தேகம் வந்துச்சுன்னு கேக்கறீங்க. கேட்டுட்டீங்க. சரி.

அதுக்கு முன்னாடி இந்தக் காட்டைச் சொல்லணும். இது ரெண்டாவது தடவை வளர்ந்த காடு. ஒரு காலத்துல மொத்தமா வெட்டி, ரயில் பாதைக்குக் கட்டையா ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. மலை முழுக்க மொட்டை, என் தலை மாதிரின்னு உங்க அம்மா சொல்வாங்க. ஒரே வித்தியாசம், இது திரும்ப முளைச்சுது. யாரும் நடல, தண்ணி ஊத்தல. அப்படி வந்த மரத்துல எது பெருசுன்னு தனியா ஒரு பட்டியல் வச்சிருக்கோம். பயப்படாதீங்க, மரத்தைக் காட்டி வாழ்க்கைத் தத்துவம் சொல்ற ஆள் நான் இல்ல. அந்த மாதிரி ஆளுங்க எதிர்ல வந்தா நானே புதருக்குள்ள ஒளிஞ்சுக்குவேன்.

நான் என்ன ஆளுன்னா, பிழை திருத்தற ஆள். வேலையில இருந்த காலம் முழுக்க அச்சகத்துல அதே தொழில். ஓய்வு கொடுத்துட்டாங்க, புத்தி ஓய்வு எடுக்கல. ஓட்டலுக்குப் போனா சாப்பிடறதுக்கு முன்னாடி விலைப்பட்டியலைத் திருத்திக் கொடுப்பேன். ஒரு கல்யாணத்துல பத்திரிகையில தேதிக்கும் கிழமைக்கும் பொருந்தலன்னு மாப்பிள்ளையோட அப்பாகிட்ட போய்ச் சொன்னேன், மேடையிலயே. அப்படிப்பட்டவன் இந்த மரத்துக்கு ஒரு சுற்றளவு எழுதி அனுப்பினேன் பாருங்க. செயலாளர் ஃபோன் பண்ணினார். சார், நீங்க அளந்தது மரத்தையா, ஊர் தண்ணித் தொட்டியையான்னு கேட்டார். நான் அளந்தா அளந்ததுதான்னு கோவமா ஃபோனை வச்சுட்டேன். அப்புறம் டீ போட்டுக் குடிச்சேன். பாதி டீயில புரிஞ்சுது.

இதோ வந்தாச்சு. இதுதான். மூச்சு வாங்கிக்கோங்க. எனக்காகச் சொல்றேன், நீங்க நல்லாத்தான் இருக்கீங்க.

அழகா இருக்கில்ல. உங்க அம்மா முதல் தடவை பார்த்ததும் கைப்பையைக் கீழ வச்சுட்டு பட்டையில உள்ளங்கையை வச்சாங்க, அவ்வளவுதான். நான் பக்கத்துல நின்னு இதோட இலை அமைப்பைப் பத்தி ஒரு பிரசங்கமே பண்ணிக்கிட்டு இருந்தேன்.

இந்தக் குச்சி எதுக்குன்னா, நெஞ்சு உயரத்துல சுத்தி அளக்கணும்னு விதி. ஆனா யாரோட நெஞ்சு? நெட்டையன் அளந்தா ஒண்ணு, குட்டையன் அளந்தா ஒண்ணுன்னு ஆயிடும் இல்ல, அதனால எல்லார் நெஞ்சுக்கும் பொதுவா ஒரு குச்சி. சரிவுல நிக்கிற மரம்னா மேட்டுப் பக்கம் ஊணணும். ஆச்சு. இப்ப டேப்போட இந்த முனையை இங்க, குச்சி தொடற இடத்துல, கட்டை விரலால அழுத்திப் பிடிங்க. நீங்கதான் பூஜ்யம். தப்பா எடுத்துக்காதீங்க, ரொம்ப முக்கியமான பதவி அது. நகரக் கூடாது. நான் சுத்தி நடந்து மறுபடி உங்ககிட்டயே வந்து நிக்கணும். நிக்கிற இடத்துல என்ன இருக்கோ அதுதான் அளவு.

போன தடவை நிக்கல. அதான் கதை. உங்க அம்மா முனையைப் பிடிச்சுக்கிட்டு இங்கதான் நின்னாங்க, நீங்க நிக்கிற இடத்துல. சுத்தி வந்தேன், அவங்களையே தாண்டி, முதுகுப் பக்கமா இன்னொரு அரைச் சுத்து போய் நின்னுட்டு, அங்க இருந்ததைச் சுற்றளவுன்னு எழுதிட்டேன். ஒன்றரை மரம். சின்னக் குழந்தைக்குக்கூட அது தப்புன்னு தெரியும்.

அவங்க ஏன் சொல்லலையா? அவங்களும் கவனிக்கல.

அப்படி என்ன பேசினோமா. இருங்க, நான் நடக்க ஆரம்பிக்கறேன். டேப்பை விட்டுடாதீங்க.

இப்ப என் முகம் உங்களுக்குத் தெரியுதா? தெரியாது. எனக்கும் உங்க முகம் தெரியல. பெரிய மரத்துல இது ஒரு வசதி. அன்னிக்கும் இங்க வந்ததுக்கு அப்புறம்தான் எனக்கு வாய் வந்துச்சு. முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தா இலை அமைப்புலயே நின்னிருப்பேன்.

குரல் கேக்குதா? சரி. ஒண்ணுமில்ல, வர்ற திங்கக்கிழமை ரெஜிஸ்டர் ஆபீஸ்ல நேரம் வாங்கியிருக்கோம். நானும் உங்க அம்மாவும்.

உங்க அம்மா உங்ககிட்ட சொல்லணும்னு ஃபோன்ல பல தடவை ஆரம்பிச்சாங்களாம். ஒவ்வொரு தடவையும் பல் கூச்சத்துக்கு எந்த பேஸ்ட் நல்லதுன்னு கேட்டுட்டு வச்சுட்டாங்களாம். அவங்களுக்குப் பல் கூச்சமே கிடையாது டாக்டர். நீங்க அனுப்பின பேஸ்ட் எல்லாம் நான்தான் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன்.

உங்க அப்பா படம் ஹால்ல எங்க இருக்கோ அங்கயேதான் இருக்கும். ஒரு தடவை அது லேசா சாய்ஞ்சிருந்துது, கை சும்மா இருக்காம நேராக்கி வச்சேன். அப்புறம்தான் ஐயோன்னு ஆயிடுச்சு, நம்ம கை வைக்கிற இடமா அதுன்னு. உங்க அம்மா உள்ள போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்தாங்க. வந்து, இடது பக்கம் இன்னும் கொஞ்சம்னாங்க.

சாட்சிக்கு மூணு பேர் வேணுமாம். செயலாளர் வரார், தண்ணித் தொட்டிக்குப் பரிகாரமா. அவரோட அக்காவும் வராங்க. மூணாவது யாருன்னு உங்க அம்மாவைக் கேட்டேன். என் பொண்ணு வந்து கையெழுத்துப் போட்டாத்தான், இல்லைன்னா இந்தப் பேச்சே வேண்டாம்னுட்டாங்க. அதுல அவங்க பிரேக்கை அழுத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க, காலை எடுக்கவே மாட்டேங்கறாங்க. கால் வலின்னு சொன்னது ஒரு விதத்துல நிஜம்தான் போலிருக்கு.

வேண்டாம்னு தோணுச்சுன்னா டேப்பை விட்டுடுங்க. தளர்ந்துச்சுன்னா எனக்குத் தெரிஞ்சுடும், நீங்க வாய் திறந்து சொல்ல வேண்டியதில்ல. சத்தமில்லாம சுருட்டிக்கிட்டு இறங்கிடலாம். மரம் அளந்தோம்னு மட்டும் சொல்லிக்கலாம்.

இழுத்துத்தான் பிடிச்சிருக்கீங்க. இல்ல, பட்டையில எங்கயாவது மாட்டிக்கிச்சான்னு பார்க்கறேன்.

மாட்டல.

அன்னிக்கும் நான் இங்க வரும்போதுதான் உங்க அம்மா சரின்னாங்க. காது வாங்கிக்கிச்சு, காலுக்குத் தகவல் போய்ச் சேரல, அது பாட்டுக்கு நடந்துக்கிட்டே இருந்துது. அப்படித்தான் அந்த அரைச் சுத்து. செயலாளர்கிட்ட இதை எப்படிச் சொல்றது, கை தவறிடுச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

என்ன கேட்டீங்க?

எத்தனை மணிக்கா? பத்தரைக்கு. காலையில பத்தரைக்கு. உங்க பழைய ஸ்கூலுக்கு எதிர்லதான், மாடியில. செருப்பைக் கீழயே விடச் சொல்வாங்க, அது ஒண்ணுதான் தொந்தரவு. அம்மா பச்சைப் புடவையா நீலமான்னு உங்ககிட்டதான் கேக்கணும்னு எடுத்து வச்சிருக்காங்க, நான் சொன்னா எடுபடாது, ரெண்டுமே பச்சைன்னு சொல்லி ஏற்கெனவே திட்டு வாங்கிட்டேன். வேற ஒண்ணும்... டாக்டர்? எங்க போயிட்டீங்க?

இல்ல, நீங்க அங்கயேதான் நிக்கிறீங்க. நான்தான் உங்களைத் தாண்டி வந்துட்டேன். சிரிக்காதீங்க. டேப்பை விட்டுடாதீங்க, சுருட்டிக்கிட்டுத் திரும்பி வரேன். மறுபடி முதல்லேர்ந்து அளக்கணும்.