கட்டு அவிழ்க்கிற வேலை

இலந்தையில் ஒட்டுக்கட்டுவது அப்படியொன்றும் கம்பசூத்திரம் இல்லை, ஐயா. யாரும் சீண்டாத காட்டு இலந்தைக் கன்றின் பட்டையை லேசாகக் கீற வேண்டும். பெரிய பழம் காய்க்கிற மரத்திலிருந்து துளிர்விடும் கண் ஒன்றைச் சீவி எடுத்து அதில் செருகி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து நாடா சுற்ற வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் நர்சரியில் கீறுவதும் செருகுவதும் அண்ணன். நாடா சுற்றுவதும், கண் துளிர்த்ததும் கட்டை அவிழ்ப்பதும் நான். அவிழ்க்காமல் விட்டால் நாடா பட்டைக்குள் இறங்கி, அதற்கு மேலே இருப்பதெல்லாம் காய்ந்துவிடும். ஒரு கன்றைக்கூட நான் அப்படி விட்டதில்லை. ஆனாலும் வருகிறவர்கள், "உங்கண்ணன் கை வச்சதா பாத்துக் குடுப்பா" என்றுதான் கேட்பார்கள். அவருக்குக் கைராசியாம். ஒரு தடவை கத்தியைக் கொடுங்கள் என்றால், "உனக்கு எதுக்குடா இந்த வம்பு" என்று சிரிப்பார். எனக்குப் பொறாமைதான். இல்லை என்று சொல்லவில்லை.

அன்றைக்குக் கத்தி வழுக்கி அவர் கட்டைவிரலில் பட்டது. சின்னக் காயம். சர்க்கரை உடம்பு என்பதால் அண்ணி பதறிப்போய் டாக்டரிடம் போகலாம் என்றார்.

"தம்பி கட்டுவான். அவனவிட பக்குவமா யாரு கட்டப்போறா?" என்று அண்ணன் விரலை என்னிடம் நீட்டினார்.

விரலின் அடியில் நாடாவை இறுக்கிச் சுற்றி, மேலே துணி வைத்து மூடினேன்.

மறுநாள், "விரல் இருக்கிறதே தெரியலடா. கொஞ்சம் தளர்த்தி விடேன்" என்றார்.

"ஆறும்போது அப்படித்தாண்ணே இருக்கும்" என்றேன்.

தினமும் துணியை நான்தான் மாற்றினேன். மரத்தைக் கூசாமல் கீறுகிறவர், தன் காயத்தைப் பார்க்கமாட்டார். முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாற்றம் வருகிறது என்று முதலில் சொன்னது அண்ணி. ஆஸ்பத்திரியில் கையையே எடுத்தும் விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டது.

நாடாவை மறந்துவிட்டேன் என்று அண்ணியிடம் சொன்னேன். பாவம், நம்பினார். விசாரிக்க வந்த உங்களிடம் அது எடுபடாது. துணியைப் பிரித்தபோதெல்லாம் நாடாவைப் பார்த்தேன். விரல் கறுத்ததையும் பார்த்தேன். எப்போது அவிழ்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? ஒரு விரல் போனால் போதும் என்று நினைத்தேன். அவர் போன அன்று அழுகைகூட வரவில்லை.

அதற்குப் பிறகு கத்தி என் கைக்கு வந்தது. ஆசையாகத்தான் ஒட்டுக் கட்டினேன். நான் வைத்த கண் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. கன்றுகளில்தான் ஏதோ கோளாறு, ஐயா. எல்லாம் அண்ணன் விதை போட்டு வளர்த்தவை.