கதவுக்குப் பின்னால் எதுவும் இல்லை

இந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்திவிடலாமா? உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்' கேட்கிறது. மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் ரெக்கார்டரில் என் குரலைவிட அதுதான் முன்னால் நிற்கும். நாளைக்கு யாராவது இதைக் கேட்டு எழுத உட்கார்ந்தால் என்னைத் திட்டித் தீர்ப்பார்கள். நன்றி. இப்போது சரியாக இருக்கிறது, வியர்த்தால் வியர்த்துவிட்டுப் போகட்டும்.

முதலில், இன்ஸ்பெக்டர், நீங்கள் பிடித்துவைத்திருக்கும் செட் மேஸ்திரியை வீட்டுக்கு அனுப்புங்கள். அவர் ஆணி அடித்தது உண்மை. நல்ல நீளமான ஆணிகளாகப் பார்த்து எடுத்து, கதவை நிலையோடு சேர்த்து அடித்தார். அடித்துவிட்டுக் கையால் தள்ளியும் பார்த்தார். "பின்னாடி ஒண்ணுமே இல்ல சார், வெறும் பள்ளம், கீழ சிமென்ட் தரை. யாராச்சும் சாஞ்சுகீஞ்சு விழுந்துறப் போறாங்க" என்று என்னிடம்தான் சொன்னார். ஆணிகளைப் பிடுங்கியது நான். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவசரமே இல்லாமல் பிடுங்கினேன்.

நேற்று இதைச் சொன்னபோது உங்கள் உதவியாளர் சிரித்தார். "என்ன சவுண்டு சார், படத்து டயலாக்க இங்க வந்து ஒப்பிக்கிறீங்க?" என்றார். அவர்மேல் குற்றமில்லை. நாங்கள் எடுத்துக்கொண்டிருந்த பேய்ப் படத்தின் இரண்டாம் பாகத்தில் கடைசிக் காட்சியும் இதே மாதிரிதான். ஒரு அறை, ஒரு மேசை, ஒரு ரெக்கார்டர். ஒருவர் உட்கார்ந்து தன் குற்றத்தை நிதானமாகச் சொல்வார். அதை எழுதும்போது நானும் கூட இருந்தேன். ஆனால் படத்தில் இந்த நாற்காலியில் உட்கார வேண்டியது என் மனைவி. அது எப்படி என்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

முதல் பாகத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் அந்தக் கதவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். செத்துப்போன ஒரு குழந்தை மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து தாயைக் கூப்பிடும். "அம்மா, கதவைத் திற." படம் முழுக்கக் குழந்தை கண்ணிலேயே படாது. அதற்குள் பெரிய கலை நுட்பம் இருப்பதாக எழுதினார்கள். உண்மையில் இன்னொரு ஆளை நடிக்கவைக்க எங்களுக்கு வசதியில்லை, அவ்வளவுதான். தாயாக நடித்தது என் மனைவி. அதுவரை தொடர்களில் கதாநாயகிக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவள், முதன்முதலாக ஒரு படம் முழுக்க வந்தாள். குரல் எங்கள் மகளுடையது. ஏழு வயது. வாய் ஓயாது என்பதால் குருவி என்று கூப்பிடுவோம். ஒலிக்கு நான். குடும்பத்தோடு பேய்ப் பிழைப்புப் பிழைக்கிறோம் என்று சொல்லிச் சிரித்துக்கொள்வோம். அந்த வீட்டில் நிறையச் சிரித்திருக்கிறோம்.

ஸ்டூடியோ எடுக்க வழியில்லாமல் டப்பிங்கை வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். எங்கள் கூடத்திலிருந்து ஒரு மரப்படி மேலே போகும். படி முடிகிற இடத்தில் குருவியின் அறை. தெருச் சத்தம் எட்டாத அறை அது ஒன்றுதான். சுவரோரம் பழைய மெத்தைகளை நிறுத்திவைத்தேன். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினேன். உள்ளே வெடி வெடித்தாலும் வெளியே கேட்காது. ஒரே ஒரு தொந்தரவு, மழை பெய்தால் மரம் ஊறிக் கதவு பிடித்துக்கொள்ளும். அது உள்பக்கமாகத் திறக்கிற கதவு. வெளியே நின்று தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினால் திறந்துவிடும். உள்ளேயிருந்து இழுத்துத் திறக்க எனக்கே கை வலிக்கும். இதோ சரி பண்ணுகிறேன், அதோ சரி பண்ணுகிறேன் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். மைக் அந்த அறையிலேயே நிற்கும். அதன் ஒயர் படியோரமாக இறங்கிக் கூடத்தில் என் மேசைக்கு வரும்.

குருவிக்கு மூச்சிரைப்பு உண்டு. மழைக்காலத்தில் வரும், மருந்தை உறிஞ்சினால் அடங்கிவிடும். அன்று வந்தபோது மருந்து கீழே அவளுடைய பள்ளிப் பையில் இருந்தது. பட்டப்பகல், வெளியே நல்ல மழை. இரவெல்லாம் நடித்துவிட்டு வந்த என் மனைவி மாத்திரை போட்டுக்கொண்டு கீழறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கடைக்குப் போயிருந்தேன். அவள் விழித்து, என்ன குருவியை இன்னும் கீழே காணோம் என்று ஏறிப்போய், தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கதவு முழுசாகத் திறக்கவில்லை. கதவுக்குப் பின்னாலேயே குழந்தை கிடந்தாள்.

இதுதான் ஊருக்குத் தெரிந்த கதை. என் மனைவிக்கும் இவ்வளவுதான் தெரியும்.

"கூப்பிட்டிருப்பாளேங்க. எத்தன வாட்டி கூப்பிட்டாளோ. நான் பொணம் மாதிரி தூங்கியிருக்கேன்" என்பாள். சோற்றில் கை வைத்துக்கொண்டு சொல்வாள். தலை வாரிக்கொண்டிருக்கும்போது சீப்பை நிறுத்திவிட்டுச் சொல்வாள். "உன் தப்பு இல்ல" என்று நான் சொல்வேன். எந்தத் தொனியில் சொன்னால் ஒருவர் அதை நம்ப மாட்டாரோ அந்தத் தொனியில் சொல்வேன். குரல்தானே என் தொழில்.

படம் வெளிவந்து ஓடோ ஓடென்று ஓடியது. அந்தக் கதவுக் காட்சியில் திரையரங்கே அலறியது. அவள் மட்டும் படத்தைப் பார்க்கவில்லை. குருவியின் குரலைக் கேட்கத் தெம்பில்லை என்றாள். நானும் வற்புறுத்தவில்லை.

பிறகு டைரக்டர் இரண்டாம் பாகத்தோடு வந்தார். கெட்டவரில்லை, கதை என்றால் மட்டும் கண் தெரியாது அவருக்கு. "சவுண்டு, இந்த வாட்டி பேய் படத்துக்குள்ள இல்ல. படம் எடுத்தவங்க வீட்டுக்கே வருது. உங்க வீட்டுக்கு. அக்கா அக்காவாவே நடிக்கட்டும். தூங்கிப்போன அம்மா. கடைசியில அவங்களே எல்லாத்தையும் ஒத்துக்கிறாங்க." மாத்திரை விஷயத்தை அவரிடம் சொன்னது நான்தான். துக்கம் தாங்காமல் சொன்னதாகத்தான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

அவள் மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். "பண்றேங்க" என்றாள். "அவகிட்ட மன்னிப்புக் கேக்க எனக்கு வேற எடம் ஏது?"

எங்கள் வீட்டை அப்படியே செட்டாகப் போட்டார்கள். அதே கூடம், அதே படி, படியின் தலையில் அதே கதவு. குருவி பென்சிலால் கிறுக்கிய கோடுகளைக்கூட நிலையில் வரைந்திருந்தார்கள். அறையை மட்டும் கட்டவில்லை. கதை கதவைத் தாண்டிப் போவதில்லை, பிறகு எதற்கு அறை? தாய் படியேறுவாள், கதவருகே நிற்பாள், திறக்காமல் இறங்கிவிடுவாள். அன்று நேரத்துக்குத் திறக்கவில்லை அல்லவா. லைட் போடுகிற ஆள் அந்தப் படியில் தனியாக ஏற மாட்டேன் என்றார். செட்டில் நிஜமாகவே பேய் இருப்பதாக டைரக்டர் பத்திரிகைகளுக்குச் சொன்னார். எனக்கும் சில நாள் தடுமாறியது. ஒருநாள் வீட்டில் படியேறப் போனவன், யாராவது 'ஆக்‌ஷன்' சொல்லட்டும் என்று கீழேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஒவ்வொரு டேக்கிலும் அவள் அந்தக் கதவில் நெற்றியை வைத்து, "கண்ணு, அம்மா தூங்கிட்டேன்டா" என்று அழுவாள். செட்டில் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவள் அழுகை அன்றைக்கே நின்றிருக்கும். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அழுகையின் லெவலைக் கொஞ்சம் குறைத்தேன். பதிவில் ஒலி உடைந்துவிடும் போலிருந்தது.

ஒரு நாள் டைரக்டருக்கு இன்னும் போதவில்லை. முதல் பாகத்துக் குரலைக் கதவுக்குப் பின்னாலிருந்து உரக்க ஓட்டச் சொன்னார். நான் ஓட்டினேன். அப்போதுதான் அவள் அதை முதன்முறையாகக் கேட்கிறாள். அழுவாள் என்று காத்திருந்தோம். அவள் அழவில்லை. காதைக் கதவோடு வைத்துக் கடைசிவரைக்கும் கேட்டாள். "இன்னொரு வாட்டி போடுங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, குருவிக்கு முன்பல்லு எப்ப விழுந்துச்சு?"

"ஞாபகம் இல்லயே."

"அவ நம்மள விட்டுப் போன அன்னிக்குக் காலையில. ஸ்கூலுக்குக் கிளம்புறப்ப. என் கையிலதான் குடுத்துட்டுப் போனா." ஒரு சட்டையை உதறினாள். "அந்தக் குரல்ல பல்லு இல்லாத எடத்துல காத்து போகுதுங்க."

நான் ஒலியில் ஏதோ ஏற்றி இறக்கினேன், அதனால் அப்படிக் கேட்கும் என்றேன். அவள் தலையாட்டினாள். பிள்ளை பெற்றவளிடம் சொல்கிற பதிலா அது?

கடைக்குப் போனேன் என்று சொன்னேன் அல்லவா, போனது பொய்யில்லை. போவதற்கு முன்னால் கூடத்தில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு வசனம் மட்டும் எனக்குத் திருப்தியாக வரவில்லை. பள்ளியிலிருந்து வந்த குருவியை மேலே அனுப்பி, பேசிப் பழகச் சொல்லியிருந்தேன். "பயந்த மாதிரி பேசணும். மூச்சு வாங்குற மாதிரி" என்று நானேதான் சொல்லிக்கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் காதில் கேட்டது. "அம்மா, கதவைத் திற." கதவைத் தட்டுகிற சத்தம். மூச்சு இழுத்து இழுத்து மறுபடியும் "அம்மா." எனக்குப் புல்லரித்துவிட்டது. என்ன மாதிரிப் பேசுகிறாள் என் பெண் என்று பதிவை ஓடவிட்டேன். முடிந்ததும் பத்திரமாகச் சேமித்துவைத்துவிட்டு, நன்றாகப் பேசியதற்குச் சாக்லெட் வாங்கிவரலாமென்று குடையை எடுத்துக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே என் மனைவியின் குரல் கேட்டது.

படத்தில் நீங்கள் கேட்டது அந்தப் பதிவைத்தான். அதைவிட நல்ல டேக் என்னிடம் இல்லை.

மறுநாள் காலை செட்டுக்குப் புறப்படும்போது அவள் சொன்னாள். "இன்னிக்கு நான் அந்தக் கதவத் திறக்கப் போறேங்க. டைரக்டர்கிட்ட சொல்லிராதீங்க. திறந்துட்டு, அங்கயே நின்னு உங்களப் பாத்து ஒண்ணு கேப்பேன். எல்லாரும் இருக்கட்டும். நீங்க பதில் சொல்லுங்க, போதும்." கோபமே இல்லை. மருந்து வாங்கிவரச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

மேஸ்திரி கதவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தைப் பற்றிச் சொன்னபோது அவள் ஒப்பனை அறையில் இருந்தாள். அது அவளுக்குத் தெரியாது. நான் நினைத்துப் பார்த்தேன். பதிலைக் கேட்டுவிட்டு அவள் எப்படி உயிரோடு இருப்பாள்? தூங்கியதற்கே இப்படி உருகியவள் இதை எப்படித் தாங்குவாள்? திறக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள், திறக்கட்டும். நான் அவளுக்கு இரக்கம்தான் காட்டினேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஆணிகளைப் பிடுங்கினேன்.

மதியம் குரலை ஓட்டினேன். அவள் படியேறினாள். மேலே போய் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு பாவாடை நாடாவை இறுக்கிக்கொள்கிற மாதிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தோளைக் கொடுத்துப் பலமாகத் தள்ளினாள். எங்கள் வீட்டில் எத்தனையோ மழைநாளில் கொடுத்த தோள் அது. இந்தக் கதவு பிடிக்கவே இல்லை. டைரக்டர் 'கட்' சொல்ல மறந்துபோனார். நானும் ரெக்கார்டரை நிறுத்தவில்லை. விழும்போது குருவியைத்தான் கூப்பிட்டாள். அதுவும் பதிவாகியிருக்கிறது.

வெளியே இதைப் படத்து விளம்பரம் என்று பேசிக்கொள்கிறார்களாம். செத்தவள் வெளியீட்டு நாளில் வந்து நிற்பாள் என்று சிலர் பந்தயம்கூடக் கட்டுகிறார்களாம். வந்தால் நான்தான் முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பேன். வீட்டில் அவள் மடித்துவைத்த துணி அப்படியே இருக்கிறது. என் சட்டைகளுக்கு நடுவில் குருவியின் கவுன் ஒன்றும் இருக்கிறது. இவ்வளவு நாளும் துவைத்துத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. அதைப் பார்த்த பிறகுதான் உங்களிடம் வந்தேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்று பாக்கி. வீட்டில் என் மேசை இழுப்பறையில் அந்தப் பதிவின் வெட்டாத பிரதி இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் அது கடைசி "அம்மா"வோடு முடிந்துவிடும். முழுப் பதிவில் அதற்குப் பிறகும் கொஞ்சம் இருக்கிறது. மழைச் சத்தம்கூட இல்லாத ஒரு அமைதி, நான் ஒட்டிய ரப்பர் பட்டை அவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கிறது. பிறகு மைக்குக்குப் பக்கத்தில் வந்து, மெதுவாக, "அப்பா, நான் நடிக்கலப்பா" என்பாள்.

நான் அதை அன்றைக்கே கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் குடையை எடுத்தேன். அந்த வசனம் படத்தில் கிடையாது, அதனால் வெட்டிவிட்டேன். நீங்களும் ஒரு தடவை ஹெட்போனில் போட்டுக் கேளுங்கள், உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். என் பெண் அவ்வளவு நன்றாக நடிப்பாள்.