பூப்போட்ட தட்டு

அந்தக் கார்ட்டூன் குடும்பத்தை எனக்கும் பிடிக்கும், பாதர். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் சிரிக்கலாம். தொப்பை அப்பா, எதற்கும் பதறும் அம்மா, அடங்காத மூன்று பிள்ளைகள். நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, முதல்நாள் பின்னேரம் வருடாவருடம் ஒரே கதையைத்தான் போடுவார்கள். அடுத்த வீட்டுக்காரனின் விளக்குத் தோரணத்தை அப்பா களவெடுத்துத் தன் வீட்டில் கட்டிவிடுவார். கடைசியில் கதவு தட்டப்படும். அடிக்க வந்துவிட்டான் என்று அப்பா மேசைக்குக் கீழே ஒளிவார். அவனோ கேக் தட்டோடு நிற்பான்.

அந்த முடிவை என் தம்பி இராமர் பார்க்கவில்லை.

நான் உங்கள் சபைக்காரி அல்ல. ஆனாலும் றோஸியக்காவுக்காக நீங்கள் படியேறி வந்திருக்கிறீர்கள். சொல்லாமல் அனுப்புவது மரியாதையில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அப்போது டீவி அவளிடம் மட்டும் இருந்தது. இராமர் வேலை தேடி அட்டனிலிருந்து வந்திருந்தான். நான் தையல் பக்டரியில் நின்ற நேரம், அவன் அவள் வீட்டில் உட்கார்ந்து இந்தக் கதையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆமிக்காரர் நுழைந்தார்கள். அடையாள அட்டையில் தேயிலைத் தோட்டத்து விலாசம். கொழும்பில் யாரோடு தங்கியிருக்கிறான் என்று ஒருவர் சொன்னால் போதும், விட்டுவிடுவார்கள். "மே கவுத?" இது யார் என்று அவளிடம் கேட்டார்கள். அவள், "தன்னே நே மாத்தயா" என்றாள். தெரியாது ஐயா. அவ்வளவுதான், அவனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

அவளே வந்து சொன்னாள். "எனக்குப் பயம் பிடிச்சிட்டுது சீனி. என்ர பிள்ளை றேமண்ட் மடியில இருந்தவன். நான் என்ன செய்ய?"

"பரவாயில்லக்கா" என்றேன். மறுநாள் நத்தார். பூப்போட்ட தட்டில் கேக் அனுப்பியிருந்தாள்.

எங்கள் ஒழுங்கையில் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கமில்லை. தீபாவளிக்கு முறுக்கு, ரபீக்கா வீட்டிலிருந்து பெருநாளுக்கு வட்டிலாப்பம், ஏதாவது ஒன்று வைத்துத்தான் கொடுப்போம். அந்தத் தட்டுக்கு ஈடாக வைக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அதனால் வைத்துக்கொண்டேன்.

"என்ர பூப்போட்ட தட்டு எங்கயடி? சீதனமாக் குடுக்கப் போறியோ?" என்று அவள் வருடாவருடம் பகிடி பண்ணுவாள். நானும் சிரிப்பேன். கோபத்தை மனதில் வைத்திருக்கிற ஆள் இல்லை நான். பிறகு நானே டீவி வாங்கினேன். அவளுடையது பழுதான பிறகு றேமண்ட் என் வீட்டுக்கு வரத் தொடங்கினான். நான் ஊட்டி வளர்த்த பிள்ளை போலத்தான். மீசை அரும்பி ஆளாகும் வரை பொறுமையாகவே இருந்தேன். இராமருக்கு அப்போது இருந்த வயது அவனுக்கும் வர வேண்டுமே.

இந்த நத்தாருக்கு முதல்நாள் பாண் வாங்கப் போனபோது சந்தியில் ஆமி லொறிகள் நின்றன. வீடு வீடாகச் சோதனை. றோஸியக்கா வீட்டைப் பூட்டிக்கொண்டு உங்கள் கோயிலுக்குப் போய்விட்டாள். றேமண்ட் என் வீட்டில், புதுச் சட்டையோடு.

"தம்பி, படம் புள்ளிபுள்ளியா தெரியுது. அன்டெனாவக் கொஞ்சம் திருப்பி விடேன்" என்றேன்.

"உங்கட அன்டெனாவுக்கும் வயசு போட்டுது, சீனியக்கா. ரெண்டுக்கும் கிழவிக் குணம்." சட்டை அழுக்காகிவிடும் என்று கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுக் கூரைக்கு ஏறினான். பையிலிருந்த அடையாள அட்டையை எடுத்து என் இடுப்பில் செருகினேன். பிறகு அவனுக்குத் தேத்தண்ணீர் ஊற்றினேன். இரண்டு கரண்டி சீனி போட்டுத்தான் குடிப்பான்.

தொப்பை அப்பா மேசைக்குக் கீழே போனார். கதவு தட்டப்பட்டது. "அக்கா, இப்ப கேக்கோட வருவான் பாருங்கோ" என்று றேமண்ட் சிரித்தான். தட்டப்பட்டது எங்கள் கதவு.

சட்டைப் பையைத் தடவினான். கதிரைக்குக் கீழே தேடினான். பக்கத்து வீடுதான் எங்கள் வீடு என்று சிங்களத்தில் சொன்னான். அங்கே பூட்டுத் தொங்கியது. ஆமிக்காரர் என்னைப் பார்த்தார். றேமண்டும் பார்த்தான். "சீனியக்கா, சொல்லுங்கோவன்" என்றான்.

"தன்னே நே மாத்தயா" என்றேன்.

லொறி போன பிறகு டீவியை நிறுத்தினேன். தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது.

மறுநாள் காலையில் அந்தத் தட்டைத் தேய்த்துக் கழுவி, கேக் துண்டுகளை அடுக்கி றோஸியக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அட்டையை அடியில் வைத்திருந்தேன். பொங்கலும் முடிந்துவிட்டது. அவள் இன்னும் முகாம் முகாமாக அலைகிறாளாம்; அப்படி ஒருவனைப் பிடிக்கவே இல்லை என்கிறார்களாம். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

உங்கள் கையில் இருப்பது அந்த அட்டைதானே, பாதர்? கொண்டுபோய் அவளிடமே கொடுங்கள். இராமரின் அட்டை அவனோடேயே போய்விட்டது; என்னிடம் அவன் முகம் பார்க்க ஒரு படம்கூட இல்லை. நான் அவளை அப்படி விடவில்லை. என்ன இருந்தாலும் அவளைப் போலக் கல்நெஞ்சக்காரி இல்லையே நான்.