கிரேஸ்டன் கோப்பையைக் கொன்றவர் எங்கள் நடுவர் அல்லர்

பச்சைக் கம்பளி விரித்த மேசையருகே பதறாத பார்வையும் பிசகாத தீர்ப்புமாய் முப்பதாண்டுக்கும் மேலாக நின்ற நெடுந்தகையீர்! வெள்ளைக் கையுறைக்குள் வெள்ளை மனத்தையும் பொதிந்து வைத்த பெருமானே! இங்கிலாந்தின் லங்காஷயர்க் கடற்கரையில் கிரேஸ்டன் நகர் ஈன்ற ஸ்னூக்கர் நடுவர், மாண்புமிகு வில்ஃபிரட் ஆஸ்பின் அவர்களே! தங்களோடு தோளுரசி உழைத்த நடுவர்களும் மேசை பொருத்துவோரும் தங்கள் பாராட்டு விழாவில் வணங்கி வாசித்தளிக்கும் மடல் இது.

நம் ஸ்னூக்கர் சங்கத்தார் தாமே ஒரு மடலை எழுதி எம் கையில் திணித்தனர். அதில் தங்கள் பொறுமை இருந்தது, புன்னகை இருந்தது, கறுப்புத் தேநீர்மேல் தங்களுக்குள்ள காதல்கூட இருந்தது. கிரேஸ்டன் குளிர்காலக் கோப்பை என்னும் பெயர் மட்டும் இல்லை. அந்த மடலை வாசிக்க எங்கள் நா எழவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர் பொறுத்தருள்க. பொறுக்க இயலாதெனினும் அமர்ந்து கேட்டருள்க!

அந்தக் கோப்பை வாழ்ந்தது மூன்றே ஆண்டு. முதலாண்டு, கடற்கரை நடன அரங்கின் கூரை ஒழுக, மேசைமேல் துளி விழாதபடி எம்மவர் தார்ப்பாயைப் பிடித்து நிற்க, ஆட்டக்காரரினும் பார்வையாளர் குறைவாயிருக்க, தாங்கள் பேரரங்கில் நிற்பதுபோலவே நிமிர்ந்து நின்று புள்ளி சொன்னீர்கள். மறு ஆண்டு மீன்பிடித் துறையிலிருந்தும் பஞ்சாலைத் தெருக்களிலிருந்தும் சனம் பொட்டலச் சாப்பாட்டோடு வந்து குவிந்தது. மூன்றாம் ஆண்டு தொலைக்காட்சி வந்தது. கூடவே கேடும் வந்தது. ஸ்னூக்கர் ஆட்டம் எப்போது முடியுமென்று எவராலும் சொல்லவியலாது. அதனை அறிந்தும், மாலைச் செய்திக்குள் இறுதியாட்டத்தை முடித்துத் தருவதாய்ச் சங்கத் தலைவர் ராட்னி பெவர்லி தொலைக்காட்சியாருக்கு வாக்களித்தார். தங்களை ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டிலர்!

இறுதியாட்டத்தின் கடைசிச் சுற்று. ஒருபுறம், நாடே கொண்டாடிய டெரி காஸ்வெல். மறுபுறம், பேருந்துப் பணிமனையிலிருந்து ஆட வந்த கோலின் ஹெப்பிள். முப்பது புள்ளி முன்னிலையில் நின்றவர் ஹெப்பிள். எஞ்சிய சிவப்புப் பந்துகள் கறுப்பைச் சூழ்ந்து நெருக்கிக்கொள்ள, இருவரும் வாய்ப்புத் தராமல் தற்காத்தே அடித்தனர். ஆட்டம் அசையாமல் முட்டி நின்றால் பந்துகளை மறுபடி அடுக்கி அச்சுற்றைப் புதிதாய்த் தொடங்குவது மரபு; எடுத்த புள்ளியெல்லாம் அப்போது அழிந்துபோகும். அந்த மரபைத்தான் குறுக்குவழியாக்கத் துணிந்தனர். தொலைக்காட்சிக் குழுவின் ஆள் ஒருவர் குனிந்தபடி மேசையோரம் வந்தார்.

"யோவ் வில்ஃப், செய்திக்கு நேரமாச்சு. பந்தை அள்ளி மறுபடி அடுக்கிடு. தலைவரே சொல்லிட்டாரு."

தாங்கள் முறைப்படி ஆட்டக்காரர் இருவரையும் கேட்டீர்கள்.

"எனக்குச் சம்மதம்தாண்ணே. பின்னாடி இருக்கிறவன் வேற என்ன சொல்லுவான்?" என்று சிரித்தார் காஸ்வெல்.

"நான் அடுக்க மாட்டேங்க. இந்த முப்பதை எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்," என்றார் ஹெப்பிள்.

தாங்கள் மேசையைப் பார்த்தீர்கள். ஒவ்வோர் அடிக்கும் ஏதேனும் ஒரு சிவப்பு இடம்பெயர்ந்துகொண்டுதான் இருந்தது. வந்தவரிடம் திரும்பி, "பந்து நகருதுய்யா. நகர்ற ஆட்டத்தை நிறுத்தச் சொல்ல நீ யாரு, நான் யாரு? ஓரமாப் போய் நில்லு," என்றீர்கள்.

செய்தி தொடங்கிற்று, ஒளிபரப்பு அறுந்தது. நாடு வானிலை அறிக்கை பார்த்துக்கொண்டிருந்த வேளையில் ஹெப்பிள் பழுப்புப் பந்தை மூலைப்பைக்குள் உருட்டி வென்றார். அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது. "இவ்வளவு நேரம் நிக்க வெச்சியேடா பாவி, காலு கடுக்குது!" என்று ஹெப்பிளைத் தழுவிக்கொண்டார் தோற்ற காஸ்வெல். அவருக்கிருந்த பெருந்தன்மையில் பாதியேனும் சங்கத்தாருக்கு இருந்ததா?

ஆதரவளித்த பிஸ்கட் நிறுவனம் விலகிற்று. கோப்பை மாண்டது. பழி தங்கள் தலையில் விழுந்தது. "நடுவரொருவரின் பிடிவாதத்தால் போட்டி நின்றது" என்று சங்கத்தின் வரலாற்று மலரில் கூசாமல் அச்சிட்டனர். அதன்பின் ஓர் இறுதியாட்டமேனும் தங்களுக்குத் தரப்படவில்லை. வெற்று நாற்காலிகளுக்கு முன்னே, முதற்சுற்றுக் காலையாட்டங்களில், தேய்ந்த காலணியோடு தாங்கள் மேசையை வலம்வந்த காட்சியை நாங்கள் கண்டோம், கண்டும் வாளாவிருந்தோம்.

சென்ற திங்கள் நடந்த சங்க விருந்தில், மது மிகுந்த மகிழ்ச்சியில், தலைவர் பெவர்லி எங்களுள் நால்வர் செவிபட உரைத்த திருவாய்மொழி இது: "அந்த இறுதியாட்டத்தன்னைக்குக் காலையிலயே பிஸ்கட்காரன் அடுத்த வருசம் வரமாட்டேன்னுட்டான்யா! அதை வெளிய சொன்னா என் நாற்காலி போயிருக்கும். வில்ஃப்தான் வாயில்லாப் பூச்சியாச்சே, அவன் தலையில கட்டிட்டேன்!"

சிரித்துக்கொண்டே சொன்னார், ஐயா! சிரித்துக்கொண்டே!

ஆட்டம் தொடங்குமுன்பே செத்திருந்தது கோப்பை. அதன் பிணத்தைத் தங்கள் தோளில் ஏற்றினர். இத்தனை ஆண்டும் சுமக்க வைத்தனர். செய்தியறிந்து கொதித்தெழுந்து தங்கள் இல்லத்துக்கு ஓடிவந்தோம். தாங்கள் சன்னல் வழியே கடலைப் பார்த்தவாறு, "விடுங்கப்பா. கோப்பையே போயிடுச்சு, இனிமே என் பேரு வந்து என்ன ஆகப்போகுது? விழாவுல இதைப் பேசாதீங்க. இதான் என் முடிவு," என்றீர்கள். சொல்லிவிட்டு, மேசைமேல் கிடந்த அந்த வரலாற்று மலரைக் கவிழ்த்து வைத்தீர்கள்.

ஆகவே, தலைவர் பெவர்லி அவர்களே, எழுந்து நின்று உண்மையைச் சொல்லுங்கள். வரலாற்று மலரின் அந்த வரியைத் தாங்களே திருத்தி வெளியிடும் நாள்வரை, கீழே ஒப்பமிட்ட எவரும் சங்கத்தின் எந்த ஆட்டத்துக்கும் கையுறை அணியமாட்டோம். எந்த மேசைக்கும் கம்பளி விரிக்கமாட்டோம்.

எங்கள் அன்பிற்குரிய ஆஸ்பின் ஐயா! நோயின்றி, நொடியின்றி, நல்லுறக்கமும் நற்பெயரும் நாளும் வளர, தாங்கள் நீடு வாழ்க! தங்கள் தீர்ப்பு எதனையும் நாங்கள் இதுகாறும் மறுத்ததில்லை. பேசாதீர்கள் என்று தாங்கள் வழங்கிய இந்த ஒரு தீர்ப்பை மட்டும், எழுந்து நின்று, ஒருமித்து மறுக்கிறோம்.

இங்ஙனம்,
தங்களோடு முன்னமே நின்றிருக்க வேண்டிய
நடுவர்களும் மேசை பொருத்துவோரும்,
கிரேஸ்டன்.