மேல் போல்ட்

என் வாக்குமூலத்தில் கியர் பாக்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். அது டிரான்ஸ்பர் கேஸ். என்ஜினின் சக்தியை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் உலோகப் பெட்டி. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் இருக்கும். திருத்திக்கொள்ளுங்கள், அவசரமில்லை.

அதில் ஆயில் மாற்றுவது கடினமான வேலை அல்ல. பெட்டியில் இரண்டு போல்ட்டுகள். கீழ் போல்ட்டைக் கழற்றினால் பழைய ஆயில் வடியும். மேல் போல்ட்டைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகப் புதியதை ஏற்ற வேண்டும். விளிம்பில் வழியத் தொடங்கினால் போதும். விதி ஒன்றே ஒன்று. முதலில் மேல் போல்ட்டைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். அது திறக்கும் என்று தெரிந்த பிறகே கீழ் போல்ட்டைத் தொட வேண்டும். வரிசையை மாற்றிச் செய்து, மேல் போல்ட்டும் அசையாமல் போனால், காலிப் பெட்டியை வைத்துக்கொண்டு விழிக்க வேண்டியதுதான். யோசிக்கிறவர்களுக்குச் சொல்லித் தரவே வேண்டாம்.

டுவைட் ஹார்ஜு யோசிக்கிறவன் அல்ல. அவன் என் தங்கை எல்சாவின் கணவன். பனிமேல் ஓட்டும் வண்டிகள் விற்கும் கடையில் ஏழு வருடம் நின்றான். ஒன்றையாவது திறந்து பார்த்ததில்லை. எங்கள் வீட்டு மாடியில் இருவரும் குடியிருந்தார்கள். இந்த வருடம் அவனுக்கு அரிசோனாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் வேலை கிடைத்தது. அங்கே பனியே இல்லை என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னான், தானே கண்டுபிடித்தது போல. மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை எல்சாவை அழைத்துக்கொண்டு இரண்டாயிரம் மைல் கிளம்புவதாக ஏற்பாடு. கிளம்புமுன் தன் வண்டியின் அந்தப் பெட்டிக்கு ஆயிலைத் தானே மாற்றப்போவதாக அறிவித்தான். நான் செய்து தருகிறேன் என்றதற்குச் சிரித்தான்.

எல்சா அவனை முழுதாகப் பார்த்ததில்லை என்பது என் எண்ணம். ஒரு முறை பார்த்துவிட்டால் கிளம்பமாட்டாள்.

முந்தின வெள்ளிக்கிழமை சர்ச் மண்டபத்தில் மீன் வறுவல் விருந்து. இருவரும் நடந்தே போனார்கள். நான் வண்டிக்கடியில் படுத்து மேல் போல்ட்டைக் கழற்றினேன். மரைகளை அசிட்டோனால் துடைத்தேன். போல்ட்டை அசையாமல் பூட்டும் சிவப்புப் பசை மூன்று சொட்டு விட்டு மறுபடி முறுக்கினேன். கெட்டியாக ஒரு நாள் போதும். எனக்கு இரண்டு நாள் கிடைத்தது. நன்றாகச் சூடு காட்டினால் அது இளகும். குப்பியின் பின்புறமே அச்சிட்டிருக்கிறது, படிக்கிற பழக்கம் இருந்தால்.

கவனியுங்கள். விதிப்படி மேல் போல்ட்டை முதலில் பார்த்திருந்தால் ஒரு சொட்டு ஆயில்கூட அவன் இழந்திருக்க மாட்டான்.

ஞாயிறு காலை காபியோடு போய் நின்றேன். வண்டிக்கடியிலிருந்து அவன் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. எல்சா பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன விஞ்ஞானி, பரீட்சை வைக்க வந்துட்டீங்களா?" என்றான். மாவட்டக் குடிநீர் ஆய்வகத்தில் வேலை செய்வதால் எனக்கு அந்தப் பெயர்.

"உன் பூட்ஸ்தான் தெரியுது. அதுக்கு மார்க் போட முடியாது."

"பழைய ஆயில் எல்லாம் வந்தாச்சு. பாருங்க, தார் மாதிரி."

"சும்மா இருங்க அக்கா," என்றாள் எல்சா. "ரெண்டு நாளா வீடியோ பாத்துக் கண்ணே வீங்கிப்போச்சு அவருக்கு."

"கண்ணுதானே, வீங்கட்டும்," என்றேன். இருவரும் சிரித்தார்கள்.

ஒரு மணி நேரம் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஸ்பேனர் நழுவி விழும் சத்தம். வலது கை விரல் முட்டிகள் கிழிந்து சமையலறைக்கு வந்தான். நான்தான் கழுவிக் கட்டுப் போட்டேன்.

"முடிஞ்சுதா?"

"ம், முடிஞ்சுது."

"வழிஞ்சதும் நிறுத்தினியா?"

அவன் கட்டுத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லாம் சரியா இருக்கு விஞ்ஞானி."

திங்கள் காலை எல்சாவின் சூட்கேஸை நான் டிக்கியில் வைத்தேன். போர்வைக்கடியில் புதிய ஆயில் குப்பிகள் இரண்டும் முத்திரை உடையாமல் இருந்தன. ஆக, பெட்டி காலி. கையில் கட்டு இருந்ததால் டுவைட் ஓட்டவில்லை. எல்சா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அப்போதே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அவன் வாயால் வரட்டும் என்று காத்திருந்தேன். அவளெதிரில் வந்தால்தான் அதற்குப் பயன்.

வரவில்லை. டிக்கியை மூடினேன்.

"ஊர் போய்ச் சேந்ததும் போன் பண்றேன் அக்கா," என்றாள்.

"மெதுவாப் போ," என்றேன்.

உலர்ந்த பெட்டி எவ்வளவு தூரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் சூடேறும், பிறகு முனகும், பிறகு உள்ளே எல்லாம் இறுகிச் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். இருபத்தெட்டாவது மைலில், ஆற்று வளைவில், மரம் ஏற்றி எதிரே வந்த லாரியின் முன் அது நடந்தது. எல்சா அங்கேயே இறந்தாள். டுவைட்டுக்குக் கால் முறிவு. பசையை ஒட்டியது நான். பெட்டி காலி என்று தெரிந்தே அவளை அனுப்பியதும் நான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அவன் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினீர்களே, அதில் ஓர் இடம் எனக்கு விளங்கவில்லை. மறுபடி பார்க்கலாமா?

"போல்ட் திறக்கலைன்னு எல்சாகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். அக்காவைக் கேப்போம்னு அவ சொன்னா. வேணாம், அவங்க பாக்கற பார்வையை என்னால தாங்க முடியாதுன்னேன். அவ விளக்கை அணைச்சு வெச்சா. அப்புறம், எனக்கும் அந்தப் பார்வை பழக்கம்தான், விடுங்கன்னா. முப்பது மைல்ல ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கு, பத்து மணிக்கு நேரம் வாங்கினோம். மெதுவாப் போயிடலாம்னு நெனச்சோம்."

மனைவியிடம் மறைத்திருப்பான் என்று கணித்திருந்தேன். அந்த ஓர் இடத்தில் என் கணிப்பு தவறு. குறித்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கொஞ்சம் சூடு காட்டினால் இரண்டு நிமிட வேலை. அவன் கேட்கமாட்டான், சரி, எல்சாவாவது கேட்டிருக்கலாம். தெரியாது என்று வந்து நின்ற யாரையும் நான் இதுவரை தாழ்வாகப் பார்த்ததில்லை.